பாலக்கும் ஈயமும், நடுவே ஒரு பூஞ்சையும்

தில்லிக்கு வந்த புதிதில் நம் வீடுகளில் எல்லாம் ஒரு சமரசம் நடக்கும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று பெயர் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கிடைத்ததை வைத்து மசியல் செய்யப் பழகிக்கொள்வோம். அப்படித்தான் பாலக் நம் சமையலறைக்குள் வந்தது. வந்தது வந்தாற்போல் சாம்பாரிலும் கூட்டிலும் சுவாதீனமாகக் குடியேறியும் விட்டது. யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹார் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சௌகரியம். ஆற்றங்கரை வயல்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. விடியற்காலையில் பறித்த கீரையும் முள்ளங்கியும் ஈரம் காயுமுன்னே சாலையோரத்துக்கு வந்துவிடுவதை எத்தனையோ வருஷங்களாகப் பார்த்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

பச்சைப்பசேலென்று இருக்கும். அந்தப் பசுமைதான் எனக்கு உறுத்தல்.

யமுனை மொத்தம் 1,376 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் தில்லிக்குள் வஜீராபாத் தடுப்பணைக்கும் ஓக்லாவுக்கும் இடையே ஓடுவது 22 கிலோமீட்டர்தான். நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஆற்றில் சேரும் அழுக்கில் பெரும்பங்கு இந்த 22 கிலோமீட்டரில்தான் சேருகிறது. நஜப்கர் கால்வாய் ஒன்றே போதும், மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சாக்கடை மட்டும் என்றால்கூட மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மின்முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம், சாயப் பட்டறை எல்லாவற்றின் கழிவும் அதே தண்ணீரில் கலக்கிறது. காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் என்று கன உலோகங்கள் மண்ணில் இறங்குவது இந்த வழியாகத்தான். 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆறு சுத்தமாகும் வரை யமுனையின் வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிரும் தீவனப் பயிரும் விளைவிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் சாகுபடி நடந்தது. விளைவிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் நிக்கலைக் கொட்டியது அவர் இல்லை. அந்த வயலின் கீரையை முதலில் சாப்பிடுவதும் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

கன உலோகத்தின் கஷ்டம் என்னவென்றால், அதற்குச் சாவு கிடையாது. சாக்கடைக் கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். பூச்சி மருந்துகூடப் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும் நாளாக நாளாகச் சிதைந்துபோகும். ஈயம் காய்ச்சினாலும் ஈயம், புதைத்தாலும் ஈயம். ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டோம். அதற்கு முன் புகையாகப் போய்ச் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. கீரையை உப்புத் தண்ணீரில் நான்கு தரம் அலசினால் இலைமேல் இருக்கும் தூசிதான் போகும். வேர் வழியே ஏறி இலைக்குள் உட்கார்ந்தது போகாது.

ஜப்பானில் தொயாமா என்ற பகுதியில் ஜின்சு ஆற்றின் மேல்பக்கம் இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் வயல்களுக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. இருமினால்கூட விலா எலும்பு முறிந்தது. நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்கிறதே, வலிக்கிறதே'. 1968-இல்தான் அந்த நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. கீரையில் இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரம் காட்மியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒரு கடுகின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கண்டபடி பயப்படவும் வேண்டாம். தில்லியின் மேற்கே, கேஷோப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைப் பல வருஷங்களாகப் பாய்ச்சிய வயல்களைப் பூசா வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். 20 வருஷம் பாய்ச்சிய மண்ணில், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்தில் இருக்கும் துத்தநாகம் 208 சதவீதமும் தாமிரம் 170 சதவீதமும் நிக்கல் 63 சதவீதமும் ஈயம் 29 சதவீதமும் கூடியிருந்தன. ஆனாலும் அங்கே விளைந்த காய்கறிகளைச் சோதித்துவிட்டு, சாப்பிடலாம் என்றே அவர்கள் முடிவு சொன்னார்கள். மண்ணில் ஏறுவது ஒன்று, செடிக்குள் ஏறுவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று தேடிக்கொண்டு போனபோதுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகனைச் சந்தித்தேன்.

பூஞ்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியில் பூக்கும் வெள்ளை. அம்மா பார்த்தால் ஜாடியோடு தூக்கி எறிவாள். மண்ணுக்குள் இருக்கும் இதன் உறவினர் ஒருவர் இருக்கிறார். கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனால் அவர் இல்லாவிட்டால் நாம் பார்க்கும் செடிகொடிகளில் பெரும்பாலானவை இந்த உருவத்தில் இருந்திருக்காது. இவருக்குப் பெயர் வைத்த கதையே வேடிக்கை. ஜெர்மனியில் பிரஷ்ய ராஜாங்கம், 'ட்ரஃபிள்' என்ற விலை உயர்ந்த மண்ணடிக் காளானைத் தோட்டத்தில் பயிரிட வழி கண்டுபிடி என்று ஆல்பர்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் அறிஞரிடம் வேலை கொடுத்தது. காளான் சாகுபடிக்கு அவரால் வழி சொல்ல முடியவில்லை. ஆனால் மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை கையுறை போட்டதுபோல் மூடியிருப்பதைப் பார்த்தார். நோய் பிடித்த வேர் என்று மற்றவர்கள் நினைத்ததை அவர் கூட்டுக் குடித்தனம் என்றார். 1885-இல் அதற்கு 'மைகோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பூஞ்சை-வேர் என்று பொருள். நம்மூர் வேளாண்மைத் துறையினர் 'வேர் உட்பூசணம்' என்றும், பழைய ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து 'வேம்' என்றும் சொல்வது இதில் ஒரு வகையைத்தான்.

பைன், தேவதாரு போன்ற மலை மரங்களில் இருப்பது வேருக்கு வெளியே உறைபோடும் வகை. நெல், சோளம், தக்காளி, வெங்காயம், அருகம்புல், ஆலமரம் என்று மற்றவற்றில் இருப்பது வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்கே குட்டி மரம்போலக் கிளைவிடும் வகை. இது மிகப் பழைய சம்பந்தம். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில், 40 கோடி வருஷங்களுக்கு முந்தைய செடிகளுக்குள் இதே கிளைகளைக் கண்டிருக்கிறார்கள். அப்போது செடிகளுக்குச் சரியான வேரே கிடையாது. வேருக்கு முன்பே இந்த உறவு வந்துவிட்டது.

உறவு என்றால் இனாம் இல்லை, கறாரான கொடுக்கல் வாங்கல்தான். பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத சந்துபொந்துகளில் எல்லாம் நுழையும். வளமான மண் ஒரே ஒரு கிராம் எடுத்தால் அதற்குள் பல மீட்டர் நீளத்துக்கு இந்த இழை ஓடியிருக்கும். தூரத்தில் இருக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் இழுத்து வந்து செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பும் கொடுக்கிறது என்று 2017-இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏககாலத்தில் நிரூபித்தன. இந்தப் பூஞ்சைக்குத் தனக்கான கொழுப்பைத் தானே தயாரிக்கும் முக்கியமான ஜீனே கிடையாதாம். சமைக்கவே தெரியாமல் மெஸ்ஸை நம்பி வாழும் கரோல்பாக் பிரம்மச்சாரியை நினைத்துக்கொண்டேன்.

சரி, விஷ உலோகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1981-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி, பர்ட், ரீட் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். அந்த நாட்டு மேட்டு நிலங்களிலும் சுரங்கக் கழிவு மேடுகளிலும் ஹெதர் என்ற குத்துச்செடி வளர்கிறது. அதைச் சிலவற்றில் அதன் வேர்ப்பூஞ்சையோடும் சிலவற்றில் பூஞ்சை இல்லாமலும் வளர்த்து, தாமிரமும் துத்தநாகமும் கலந்து கொடுத்தார்கள். பூஞ்சை இல்லாதவை வாடிப்போகும் அளவிலும் பூஞ்சை உள்ளவை தாக்குப்பிடித்தன. அவற்றின் தண்டிலும் இலையிலும் உலோகம் குறைவாகவும் வேரில் அதிகமாகவும் இருந்தது. பூஞ்சை விஷத்தை விரட்டவில்லை. வாசலிலேயே உட்கார்த்தி வைத்திருந்தது. 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான அந்தச் சின்னக் கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி.

எப்படி உட்கார்த்தி வைக்கிறது என்பதுதான் சுவாரசியம். முதல் காரியம், இழையின் சுவரே ஒரு பசைத்தாள். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் பூஞ்சையின் செல் சுவரிலும் இருக்கிறது. அதில் உலோக அயனிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தனை நீளமான இழை என்றால் எத்தனை பரப்பு என்று யோசித்துப் பாருங்கள். சுவரைத் தாண்டி உள்ளே வந்ததைச் சும்மா விடுவதில்லை. கந்தகம் உள்ள சின்னப் புரதங்களும் குளூட்டதயோன் போன்ற பொருள்களும் அதைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும். இழைக்குள் இருக்கும் நுண்குமிழிகளில் மணிச்சத்து சங்கிலி சங்கிலியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதோடு சேர்த்து உலோகத்தையும் பூட்டி வைக்கும். சில பூஞ்சைகள் இதோடு நிற்காமல், உள்ளே வந்த துத்தநாகத்தை மறுபடி வெளியே தள்ளும் பம்புகளும் வைத்திருக்கின்றன. 1996-இல் அமெரிக்க வேளாண் துறையில் சாரா ரைட் என்பவர், பூஞ்சையோடு தொடர்புள்ள பிசின்போன்ற ஒரு பொருளை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து 'குளோமாலின்' என்று பெயரிட்டார். அதன் ரசாயனத்தைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்தப் பிசினோடு ஈயமும் தாமிரமும் ஒட்டிக் கிடப்பதைப் பலர் அளந்திருக்கிறார்கள்.

ஆர்சனிக் விஷயத்தில் நடப்பது இன்னும் நுட்பம். ஆர்சனிக்கின் ஒரு வடிவம் மணிச்சத்து மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு, வேரில் மணிச்சத்துக்கென்று இருக்கும் வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடும். பூஞ்சை குடியேறிய செடிக்கு மணிச்சத்து பூஞ்சை வழியாகவே வந்துவிடுவதால், அது தன் சொந்த வாசல்களில் பலவற்றைச் சாத்திக்கொள்கிறது. வேஷக்காரன் வெளியே நிற்க வேண்டியதுதான். குரோமியத்துக்கு வேறு வைத்தியம். தோல் பதனிடும் இடங்களிலும் குரோமேட் ஆலைகளிலும் மிச்சமாகும் ஆறு இணைதிறன் குரோமியம்தான் மோசமானது, கரைந்து ஓடும். மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவு ஓடாது, அவ்வளவு விஷமும் இல்லை. சீன ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் நம் அருகம்புல்லையே எடுத்துக்கொண்டார்கள். பூஞ்சை சேர்ந்த அருகம்புல் குரோமிய மண்ணில் நன்றாகத் தாங்கியது. ஆறு இணைதிறனை மூன்றாக மாற்றி இழையிலேயே நிறுத்திவிடும் வேலையும் நடக்கிறது என்று அதே குழுவினர் பிறகு காட்டினார்கள். ஆடு மேய்ந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மறுபடி தழைக்கும் அருகம்புல்லைப் பிள்ளையாருக்குச் சாற்றும்போது இனி இந்த நினைவும் வரும்.

இதைப் படிக்கிற வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து அன்பர்களுக்குக் குரோமியம் புதுச் சொல் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலால் பாலாற்றுக்கு நேர்ந்ததைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். கங்கைக் கரையில் கான்பூரின் ஜாஜ்மௌ தோல் பட்டறைகளுக்கும் இதே வியாதிதான்.

பூஞ்சை எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பதை இரண்டு ஐரோப்பிய ஊர்கள் சொல்லிக்கொடுத்தன. ஜெர்மனியில் ஆஹன் நகருக்குப் பக்கத்தில் பழைய துத்தநாகச் சுரங்க நிலங்கள் இருக்கின்றன. மற்ற செடிகள் திணறும் அந்த மண்ணில் மஞ்சள் நிற வயலட் பூச்செடி ஒன்று ஜாம்ஜாம் என்று பூக்கும். துத்தநாக வயலட் என்றே அதற்குப் பெயர். அதன் வேரில் இருந்த பூஞ்சையை எடுத்து மக்காச்சோளத்தோடு சேர்த்து, உலோகம் மிகுந்த மண்ணில் விதைத்தார்கள். சாதாரண மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையோடு வளர்ந்த சோளம் திணறிய இடத்தில் இது வளர்ந்தது. 1999-இல் வந்த ஆராய்ச்சி இது. பெல்ஜியத்தில் லோம்மெல் என்ற இடத்தில் துத்தநாக உருக்காலைகளின் புகை படிந்த மணலில் பைன் மரங்கள் இருக்கின்றன. அங்கே மரத்தடியில் முளைக்கும் ஒரு காளானை, தூரத்துச் சுத்தமான காடுகளில் இருக்கும் அதே இனத்துக் காளானோடு கோல்பார்ட் என்பவரின் குழு ஒப்பிட்டது. ஆலைப் பக்கத்துக் காளான் பலமடங்கு துத்தநாகம் தாங்கியது. ஆலை வந்து நூறு வருஷம் சொச்சம்தான். அதற்குள் தலைமுறை தலைமுறையாகப் பழகித் தேறிவிட்டது. பைன் கன்றை எந்தக் காளானோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பிழைப்பதும் சாவதும். கெட்டுப்போன இடத்துக்கு மருந்து அந்தக் கெட்டுப்போன இடத்திலேயே முளைக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதுவரை படித்தவர்கள், அப்படியானால் யமுனைக் கரைக் கீரைக்கும் ஒரு பூஞ்சை இருக்கும், கவலையில்லை என்று தீர்மானித்திருப்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

நிலத்தில் வாழும் செடிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த உட்பூசணத்தோடு குடித்தனம் நடத்துகின்றன. நடத்தாதவை சில குடும்பங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது தில்லிச் சந்தையின் குளிர்காலக் கூடையையே பார்த்ததுபோல் இருந்தது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம், பூஞ்சையோடு சேராதது. பாலக்கும் பீட்ரூட்டும் இன்னொரு கிளை, அதுவும் சேராதது. தண்டுக்கீரை, முளைக்கீரை வகையறாவும் பெரும்பாலும் சேர்வதில்லை. இவற்றின் முன்னோர்கள் என்றைக்கோ இந்த உறவை முறித்துக்கொண்டுவிட்டார்கள். உறவுக்கு வேண்டிய ஜீன்களையே இழந்துவிட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. ஆக, எந்தக் கீரைகள் சாக்கடைத் தண்ணீரில் செழித்து வளர்ந்து, எல்லாவற்றிலும் அதிகமாக உலோகத்தை இலையில் ஏற்றிக்கொள்கின்றனவோ, அவற்றுக்கு வாசலில் காவல் கிடையாது.

கடுகுச் செடி இன்னும் ஒரு படி மேல். ஈயத்தைத் தாராளமாக உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு இருப்பதைப் பார்த்து, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 1990-களில், மண்ணைச் சுத்தம் செய்யவே கடுகை விதைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். விதைத்து, வளர்ந்ததும் பிடுங்கி, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது யோசனை. பஞ்சாபி நண்பர்கள் வீட்டில் மக்காச்சோள ரொட்டியோடு வரும் 'சர்சோன் கா சாக்' இதே கடுகுக் கீரைதான். நல்ல மண்ணில் விளைந்ததாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, நம்மவர்கள் விரும்பும் வெந்தயக்கீரை பயறு வகைக் குடும்பம், பூஞ்சையோடு நன்றாகச் சேரும். கொத்தமல்லி, அவரை, கொத்தவரை, வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், வெங்காயம் எல்லாம் சேரும். ஆனால் 'சேரும்' என்பதை 'சாப்பிடலாம்' என்று படித்துவிடக் கூடாது. பூஞ்சை வேலை செய்வது செடி பிழைப்பதற்காக, நம் ஈரலும் சிறுநீரகமும் பிழைப்பதற்காக அல்ல. சில சோதனைகளில் பூஞ்சை சேர்ந்த செடிக்குள் உலோகம் கூடியும் இருக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு, மண் புளிப்பா காரமா, எந்தச் செடி, எந்தப் பூஞ்சை என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவு. காட்மியம் சுலபமாக இலைவரை ஏறும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். பொதுவாக இலையைவிடக் காயிலும் விதையிலும் உலோகம் குறைவு. ஆகவே சந்தேகமான இடத்துச் சரக்கு என்றால் கீரையைத் தவிர்த்துக் காயை எடுப்பது என் வழக்கம். இது விஞ்ஞானமும் கொஞ்சம் வீட்டு அம்மாவின் யோசனையும் சேர்ந்த முடிவு.

உணவு அல்லாத இடத்தில் பூஞ்சைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், சாம்பலாகவே மிஞ்சுகிறது. அனல் மின் நிலையங்கள் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஏரிபோலத் தேக்கும். காய்ந்ததும் காற்றில் பறக்கும். தில்லியின் தெற்கில் பதர்பூர் மின் நிலையத்தின் சாம்பலைச் சரிதா விஹார், ஜைத்பூர் பக்கத்து வீடுகள் துடைத்துத் துடைத்து ஓய்ந்தன. அந்தச் சாம்பலில் தழைச்சத்து கிடையாது, செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்து சொற்பம், மேலே ஆர்சனிக், ஈயம், குரோமியம் வேறு. புல்லே முளைக்கத் தயங்கும். தில்லி லோதி சாலையில் தலைமையகம் உள்ள 'டெரி' நிறுவனத்தார் இப்படிப்பட்ட சாம்பல் மேடுகளில், பதர்பூரிலும் சத்தீஸ்கரின் கோர்பாவிலும், பூஞ்சை சேர்த்து வளர்த்த கன்றுகளை நட்டுப் பசுமையாக்கிக் காட்டினார்கள். செடி பிடித்தால் வேர் சாம்பலைக் கட்டும், இலைச் சருகு மேலே மண்ணாகும், தூசி அடங்கும்.

இவர்கள் பூஞ்சையை வளர்க்கும் விதம் கதைபோல் இருக்கும். இந்த வகைப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் முழுசாக வளராது. அதற்காக ஒரு பாக்டீரியாவின் துணையோடு காரட் வேரைச் செடியே இல்லாமல், வெறும் வேராகவே, கண்ணாடித் தட்டில் ஓயாமல் வளரும்படி செய்கிறார்கள். அந்த வேரில் பூஞ்சையைக் குடியேற்றி, வித்துகளை அறுவடை செய்கிறார்கள். கனடாவில் 1988-இல் உருவான முறை. அதை டெரி பெரிய அளவில் உற்பத்திக்குக் கொண்டுவந்து கம்பெனிகளுக்கும் கொடுத்தது.

பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. சுமார் 880 ஏக்கர் சாம்பல் ஏரியைப் பெரிய பூங்காவாக மாற்றத் திட்டம் போட்டார்கள். எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, ஒரு நெருடலும் உண்டு. மரம் வளர்ந்துவிட்டது என்பதால் கீழே இருப்பது இல்லாமல் போகவில்லை. பூஞ்சை உலோகத்தைக் கட்டிப்போடுகிறதே தவிரத் தின்று தீர்ப்பதில்லை. இழை செத்து மக்கினால், மண்ணின் புளிப்பு மாறினால், கட்டு அவிழலாம். மேல்மண் கெட்டியாகப் போட்டு, நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதித்து, அங்கே காய்கறி போடாமல் பார்த்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடு. திறப்பு விழாவோடு சோதனையையும் நிறுத்திவிட்டால் அது சாணி மெழுகிய குழி. யமுனைக் கரைக்கும் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுவது பூ சாகுபடிதான். செண்டுமல்லி பூஞ்சையோடு சேரும், கெட்ட மண்ணையும் ஓரளவு தாங்கும், யாரும் அதைக் கூட்டு வைத்துச் சாப்பிடப் போவதில்லை. காஜிப்பூர் பூ மண்டியில் வருஷம் பூராவும் அதற்கு விலை உண்டு. விளைவிப்பவரை வெறும் கையோடு விரட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மாடியில் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் கேட்கக்கூடிய கேள்வி: கடையில் பொட்டலமாக விற்கும் மைகோரைசா வாங்கலாமா? வாங்கலாம். தேதி பாருங்கள், கிராமுக்கு எத்தனை வித்து என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், வெயிலில் வைத்த பொட்டலம் வேண்டாம். உரம்போல மேலே தூவினால் பிரயோஜனம் இல்லை, நடும்போது வேரைத் தொடுகிற மாதிரி குழிக்குள் போட வேண்டும். கூடவே டி.ஏ.பி.யை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து ஏராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை உள்ளே சேர்க்காது. வீட்டிலேயே சமையல் ஆகிறபோது மெஸ்ஸுக்கு யார் போவார்கள்? பூஞ்சைக்கொல்லி மருந்தும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி மண் எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நர்சரிக்காரர் 'யமுனா மிட்டி, பஹுத் அச்சி ஹை' என்று பெருமையாகச் சொன்னால், எந்தக் கரை, எந்த இடம் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உலோகங்களையும் அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துவிடலாம். சாதாரண மண் பரிசோதனையில் சத்துகளைத்தான் பார்ப்பார்கள், ஈயமும் காட்மியமும் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பெயிண்ட் உதிரும் சுவரை ஒட்டித் தொட்டி வைக்காதீர்கள், அதில் ஈயம் இருக்கக்கூடும். நிறைய மக்கிய தொழு உரம் போடுங்கள், அதுவும் தன் பங்குக்கு உலோகத்தைப் பிடித்து வைக்கும்.

தக்காளிக்கு, கத்தரிக்கு, வெந்தயத்துக்கு, எலுமிச்சைக்குப் பொட்டலத்தைத் தாராளமாகப் போடலாம். பாலக் தொட்டிக்கும் முள்ளங்கித் தொட்டிக்கும் போட வேண்டாம், அது தண்டச் செலவு.